திரும்பிப் போவதற்காக வளர்க்கப்பட்ட பிள்ளைகள்: ரஷ்யப் புரட்சிக்குப் பின் அகதிச் சிறார்களும் அவர்களின் பள்ளிகளும்

1923 டிசம்பர் 12ஆம் தேதி, செக்கோஸ்லோவாக்கியாவில் மொராவ்ஸ்கா த்ரெபோவா என்னும் சிற்றூரில் இயங்கிவந்த ரஷ்ய உயர்நிலைப் பள்ளியில், முன்னறிவிப்பு எதுவுமின்றி இரண்டு பாடவேளைகள் நிறுத்தப்பட்டன. மாணவர்கள் எல்லோரும் 1917ஆம் ஆண்டு தொடங்கி இந்தப் பள்ளியில் வந்து சேர்ந்த நாள் வரையிலான தங்கள் நினைவுகளை எழுதித்தர வேண்டும் என்று சொல்லப்பட்டது. கீழ்வகுப்புச் சிறுவர்களும் எழுதினார்கள். உள்நாட்டுப் போரில் துப்பாக்கி ஏந்திவிட்டு, இருபது வயதைக் கடந்த பிறகு மீண்டும் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்திருந்த இளைஞர்களும் எழுதினார்கள். ஆசிரியர்கள் அந்தத் தாள்களைப் படித்துத் திகைத்தனர். பிராக் நகரில் இருந்த ரஷ்யக் கல்விப் பணியகம் வேறு பள்ளிகளிலும் இதே தலைப்பில் எழுதச் சொல்லி, பல நாடுகளில் இருந்த 15 பள்ளிகளிலிருந்து 2,403 கட்டுரைகளைத் திரட்டியது. அகதிக் குழந்தைகளின் சொந்தச் சொற்கள் இந்த அளவில் திரட்டப்பட்டது அந்தக் காலத்தில் மிகவும் அரிதான செயல்.

ரஷ்யப் புரட்சியால் வெளியேறியவர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகள், இளவரசர்கள், எழுத்தாளர்கள் ஆகியோரின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. பத்து லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் மதிப்பிடப்படும் அந்தக் கூட்டத்தில் ஏராளமான குழந்தைகள் இருந்தார்கள் என்பதும், அவர்களை என்ன செய்வது என்ற கேள்வி புலம்பெயர்ந்த ரஷ்யர்களைப் பல ஆண்டுகள் வாட்டியது என்பதும் குறைவாகவே பேசப்படுகின்றன. அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடை பள்ளி. பெற்றோரை இழந்த, படிப்பு அறுந்துபோன, போரைக் கண்ணால் கண்ட ஒரு தலைமுறையை அந்தப் பள்ளிகள் உண்மையாகவே காப்பாற்றின. அதே சமயம், என்றோ ஒருநாள் ரஷ்யாவுக்குத் திரும்பப் போகிறவர்கள் என்ற நம்பிக்கையில் அவர்களை வளர்த்ததால், வந்து சேர்ந்த மண்ணில் வேர்பிடிப்பதை அவை தாமதப்படுத்தவும் செய்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தச் சிறார்களின் மறுவாழ்வைப் புரிந்துகொள்ள முடியாது என்றே நான் கருதுகிறேன்.

வெளியேற்றம் ஒரே நாளில் நடந்ததன்று. 1920இன் தொடக்கத்தில் ஒடெசாவிலிருந்தும், மார்ச் மாதத்தில் நொவொரொஸ்ஸிஸ்க் துறைமுகத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். 1920 நவம்பரில், புரட்சி அரசை எதிர்த்துப் போரிட்ட ஜெனரல் விராங்கெலின் படை கிரிமியாவைக் கைவிட்டபோது 126 கப்பல்களில் ஏறத்தாழ 1,46,000 பேர் கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) நோக்கிப் புறப்பட்டனர். அவர்களில் குழந்தைகள் பல்லாயிரம். பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் ஒருபுறம் இருக்க, முழுப் பள்ளியாகவே இடம்பெயர்ந்தவர்களும் இருந்தார்கள். பேரரசின் காலத்து இராணுவச் சிறார் பள்ளிகளும், உயர்குடிப் பெண்களுக்கான விடுதிப் பள்ளிகளும் ஆசிரியர்கள், மாணவர்கள், பதிவேடுகள் சகிதமாகக் கிளம்பின. தந்தை போர்முனையில் இருந்தார் அல்லது இறந்திருந்தார். தாய் எங்கே என்று தெரியாது. அத்தகைய பிள்ளைக்குச் சட்டப்படியும் நடைமுறையிலும் பாதுகாவலராக மிஞ்சியது பள்ளி நிர்வாகமே. பின்னாளில் பள்ளி இவர்களின் வாழ்க்கையில் குடும்பத்தின் இடத்தைப் பிடித்ததற்கு இதுவே முதற்காரணம்.

நேச நாட்டுப் படைகளின் பிடியில் இருந்த கான்ஸ்டான்டினோபிளில் உணவும் கூரையும் கிடைப்பதே அரிதாக இருந்தது. அங்கே 1920 டிசம்பரிலேயே அகில ரஷ்ய நகரங்களின் ஒன்றியம் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் கீவ் நகரில் பெண்கள் பள்ளி நடத்திப் புகழ்பெற்றிருந்த கல்வியாளர் அடெலாய்டா ஜெகுலினா. கப்பலிலிருந்து இறங்கிய சில வாரங்களுக்குள் பள்ளி திறக்க வேண்டும் என்று நினைத்தவர்களின் மனவுறுதி எளிதானதன்று. விராங்கெலின் படையினர் கூடாரமடித்திருந்த கல்லிப்போலியிலும் ஒரு மழலையர் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் தொடங்கப்பட்டன. ஆனால் துருக்கித் தேசியப் படைகள் வலுப்பெற வலுப்பெற, கான்ஸ்டான்டினோபிளில் ரஷ்ய அகதிகளுக்கு நீடித்த இடமில்லை என்பது தெளிவாயிற்று.

இதற்கிடையில் இவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லாதவர்களாக ஆக்கப்பட்டனர். 1921 டிசம்பர் 15ஆம் தேதியிட்ட சோவியத் ஆணை, அனுமதியின்றி வெளியேறியவர்கள் முதலிய பல பிரிவினரின் குடியுரிமையைப் பறித்தது. அதே 1921இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையராக நார்வேயின் துருவப் பயணி ஃபிரிட்யோஃப் நான்சனை நியமித்தது. 1922 ஜூலையில் நாடுகள் ஒப்புக்கொண்ட அடையாளச் சான்று, நான்சன் கடவுச்சீட்டு என்ற பெயரில் அறியப்படுகிறது. அது எல்லை கடக்க உதவியது. ஆனால் குடியுரிமை தரவில்லை, வேலைக்கான உரிமையும் தரவில்லை, வழங்கிய நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைக்கூட முதலில் உறுதிசெய்யவில்லை. எனவே ஒரு குழந்தை எங்கே படிக்கும், எந்தச் சான்றிதழ் பெறும், அந்தச் சான்றிதழை யார் ஏற்பார்கள் என்பதெல்லாம் ஏற்கும் நாட்டின் அரசியல் விருப்பத்தையே சார்ந்திருந்தன.

அந்த விருப்பம் மிகத் தாராளமாக வெளிப்பட்ட நாடு செக்கோஸ்லோவாக்கியா. குடியரசுத் தலைவர் தோமாஷ் மசாரிக்கின் ஆதரவில் 1921இல் தொடங்கிய ரஷ்ய உதவித் திட்டம், மாணவர்கள், பேராசிரியர்கள், உழவர்கள், எழுத்தாளர்கள் என்று தேர்ந்தெடுத்து வரவேற்றது. இதில் இரக்கம் மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது. புரட்சியில் அதிகாரத்தைப் பிடித்த போல்ஷெவிக் கட்சியின் ஆட்சி நீடிக்காது, அது விழுந்த பிறகு ரஷ்யாவைக் கட்டியெழுப்ப மருத்துவர்களும் பொறியாளர்களும் வேளாண் வல்லுநர்களும் தேவைப்படுவார்கள், அவர்களைப் பிராகில் பயிற்றுவித்து அனுப்பினால் இரு நாட்டு உறவுக்கும் நல்லது என்ற கணக்கு அதன் அடித்தளம். கணக்கின் முதற்படியே தவறாகிப்போனது. ஆயினும் அந்தத் தவறான கணக்கினால் ஆயிரக்கணக்கானோர் படித்தார்கள் என்பதையும் மறுக்கக்கூடாது.

ஜெகுலினாவின் பள்ளி 1921இன் இறுதியில் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து ரயிலில் ஏறி மொராவ்ஸ்கா த்ரெபோவாவுக்கு வந்தது. ஏறக்குறைய ஐந்நூறு மாணவர்கள். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம், முதல் உலகப் போரின்போது ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு போர்க்கைதிகளுக்காகக் கட்டிய முகாம் கட்டடங்கள். செக் நாட்டு அரசு அழைத்து வந்திருந்தாலும் அந்த ஊரில் பெரும்பான்மையாக வாழ்ந்தவர்கள் ஜெர்மன் பேசுபவர்கள். பள்ளிக்குள் ரஷ்யம், பாடமாகச் செக், வேலிக்கு வெளியே கடைத்தெருவில் ஜெர்மன் என்று மூன்று மொழிகளுக்கிடையே அந்தப் பிள்ளைகள் வாழ்ந்தார்கள். உணவு, உடை, படிப்பு, மருத்துவம் எல்லாம் முகாமுக்குள்ளேயே கிடைத்தன. வெளியுலகத்தோடு பழகத் தேவையே இல்லாத ஏற்பாடு அது. கவிஞர் மரீனா ஸ்வெதாயேவாவின் மகள் அரியாத்னாவும் 1923இல் சில காலம் இங்கே படித்தாள்.

இனி அந்தக் கட்டுரைகளுக்கு வருவோம். பிராகின் கல்விப் பணியகத்துக்குத் தலைமை தாங்கிய வசீலி ஜென்கோவ்ஸ்கி மெய்யியலும் உளவியலும் கற்றவர். பிற்காலத்தில் பாரிஸில் மதகுருவாகவும் ஆனார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய ஆய்வுகள் 1925இல் பிராகில் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. பிள்ளைகள் எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வருவன சில: இரவில் வீட்டைச் சோதனையிட வந்தவர்கள், தந்தை அழைத்துச் செல்லப்பட்டது, பட்டினி, டைஃபஸ் காய்ச்சல், சரக்கு ரயில் பெட்டிகளில் நாட்கணக்கில் பயணம், கப்பல் தளத்தின் நெரிசல். சாவைப் பற்றி எழுதும்போது சொற்கள் மிகக் குறைவாக இருப்பதும், அழுகையோ அலங்காரமோ இல்லாமல் நிகழ்ச்சியை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவதும் ஆசிரியர்களை உலுக்கின. பெரியவர்களுக்குரிய பொறுப்புகளை எட்டு, பத்து வயதில் சுமந்தவர்கள் அவர்கள்: ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொண்டவர்கள், தம்பி தங்கையரை இழுத்துக்கொண்டு எல்லை கடந்தவர்கள்.

இந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். அவை வகுப்பறையில், ஆசிரியரின் முன்னிலையில், ஆசிரியர் படிப்பதற்காக எழுதப்பட்டவை. அந்த ஆசிரியர்கள் புரட்சியை எதிர்த்தவர்கள்; குழந்தைகளில் பலர் அதிகாரிகள், அலுவலர்கள், நிலவுடைமையாளர்கள், கொசாக்குகள் ஆகியோரின் வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கே வந்து சேராமல் வழியில் மாண்டவர்களும், பள்ளியில்லாத ஊர்களில் கூலி வேலைக்குப் போனவர்களும் இந்தத் தொகுப்பில் இல்லை. அதே காலத்தில் ரஷ்யாவுக்குள் பஞ்சத்தாலும் போராலும் வீடற்றுத் தெருவில் அலைந்த லட்சக்கணக்கான சிறார்களின் குரலும் இதில் இல்லை. அப்படியிருந்தும், பள்ளியில் சேர்ந்த நாளைப் பற்றிப் பலர் எழுதியிருப்பதை மரியாதைக்காக எழுதப்பட்டது என்று ஒதுக்கிவிட முடியாது. சுத்தமான படுக்கை, மூன்று வேளை உணவு, மறுநாள் என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது ஆகியவற்றின் அருமையை அவர்கள் அறிந்து எழுதினார்கள்.

செர்பியர், குரோவாசியர், ஸ்லொவேனியர் ஆகியோரின் அரசு, பின்னாளின் யூகோஸ்லாவியா, வேறொரு வழியில் சென்றது. மன்னர் அலெக்சாந்தர் புனித பீட்டர்ஸ்பர்க்கில் படித்தவர். 1914இல் ரஷ்யா செர்பியாவுக்குத் துணை நின்றதை நன்றிக்கடனாகவே கருதியவர். போரில் படித்தவர்களை இழந்திருந்த அந்நாட்டுக்கு ரஷ்ய மருத்துவர்களும் ஆசிரியர்களும் தேவைப்பட்டார்கள் என்பதும் உண்மை. ஆகவே இராணுவச் சிறார் பள்ளிகள் அங்கே தங்கள் பழைய உருவத்திலேயே தொடர அனுமதிக்கப்பட்டன. பேலா த்ஸர்க்வா என்ற ஊரில் கிரிமியாவிலிருந்து வந்த பள்ளியும், சரயேவோவில் இன்னொன்றும் இயங்கின. கார்க்கிவ் நகரின் பெண்கள் விடுதிப் பள்ளி நோவி பெச்சேயில் தங்கியது. சீருடை, தோள்பட்டை அடையாளம், அணிவகுப்பு, மறைந்த பேரரசின் விழா நாட்கள் எல்லாம் கடைப்பிடிக்கப்பட்டன. இல்லாத படையொன்றுக்கு அதிகாரிகளைப் பயிற்றுவித்த இந்தப் பள்ளிகளில் ஒன்று 1944 வரை நீடித்தது. அனாதைச் சிறுவனுக்கு அந்த ஒழுங்கு ஒரு பிடிமானமாக இருந்ததைப் பிற்காலத்தில் பழைய மாணவர்களின் சங்கங்கள் நன்றியுடன் நினைவுகூர்ந்தன. ஆனால் பதினெட்டு வயதில் வெளியே வந்தவனுக்குக் காத்திருந்தது தொழிற்சாலை அல்லது சுரங்கம். அதற்கு அவனை யாரும் ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை.

பல்கேரியாவும் பள்ளிகளுக்கு இடமளித்தது. கான்ஸ்டான்டினோபிளில் தொடங்கி ஷுமென் நகரில் படிப்பை முடித்த மாணவர்களில் ஒருவர் பின்னாளின் எழுத்தாளர் கைத்தோ கஸ்தானோவ். பாரிஸில் அவர் நீண்டகாலம் இரவு டாக்சி ஓட்டிப் பிழைத்தார்.

வட ஆப்பிரிக்காவில், துனீசியாவின் பிசெர்த்தே துறைமுகத்தில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருங்கடல் கடற்படையில் எஞ்சிய கப்பல்களைப் பிரெஞ்சு அரசு அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. மாலுமிகளின் குடும்பங்கள் கியோர்கி பொபெதொனொசெத்ஸ் என்ற பழைய போர்க்கப்பலில் குடியிருந்தன. குழந்தைகளுக்கான பள்ளி அந்தக் கப்பலிலேயே நடந்தது. கடற்படை மாணவர்கள் மலைமேல் இருந்த ஜெபெல் கெபிர் கோட்டையில் 1925 வரை படித்தார்கள். 1924 அக்டோபரில் பிரான்ஸ் சோவியத் அரசை அங்கீகரித்ததும் கப்பல்களில் பறந்த ரஷ்யக் கொடி இறக்கப்பட்டது. எட்டு வயதில் அங்கு வந்திறங்கிய அனஸ்தாசியா ஷிரின்ஸ்கயா அதே ஊரில் கணித ஆசிரியையாகப் பல தலைமுறைகளுக்குப் பாடம் நடத்தினார். பின்னாளில் பாரிஸ் மேயரான பெர்த்ரான் தெலனோயே அவரிடம் படித்தவர். வேறு நாட்டுக் குடியுரிமை பெறாமல் வாழ்ந்த அவருக்கு ரஷ்யக் கடவுச்சீட்டு கிடைத்தது 1997இல், எண்பத்தைந்தாம் வயதில்.

பிரான்ஸ் அகதிகளை வரவேற்றதற்குக் காரணம் போரில் அது இழந்த ஏறத்தாழ பதினான்கு லட்சம் ஆண்கள். தொழிற்சாலைகளுக்குக் கைகள் தேவைப்பட்டன. பாரிஸையொட்டிய பில்லான்கூரில் ரெனோ கார் ஆலையில் முன்னாள் அதிகாரிகள் தொழிலாளர்களாக நின்றார்கள். 1920இல் பாரிஸில் ரஷ்ய உயர்நிலைப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டதும், வேறு சில விடுதிப் பள்ளிகள் இருந்ததும் உண்மைதான். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் சாதாரணப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கே போனார்கள். பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு அந்நாட்களில் வியாழக்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாளைப் பயன்படுத்தி, தேவாலயக் கூடங்களிலும் வாடகை அறைகளிலும் ரஷ்ய மொழி, வரலாறு, சமயம் கற்பிக்கும் வியாழன் பள்ளிகள் நடத்தப்பட்டன. 1923இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ப்ஷெரோவில் தொடங்கிய ரஷ்ய மாணவர் கிறிஸ்தவ இயக்கமும் சாரணர் குழுக்களும் கோடை முகாம்களை நடத்தின. புஷ்கினின் பிறந்த நாளை ரஷ்யப் பண்பாட்டு நாளாக 1925 முதல் பல நாடுகளில் கொண்டாடினார்கள்.

இந்த முயற்சிகளுக்கெல்லாம் பின்னால் ஓர் அச்சம் இருந்தது. பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர்களாகவும் செர்பியர்களாகவும் ஜெர்மானியர்களாகவும் கரைந்துபோவார்கள் என்ற கவலை, அந்தக் காலத்து ரஷ்யக் கல்வி இதழ்களிலும் மாநாடுகளிலும் ஓயாமல் விவாதிக்கப்பட்டது. 1918இல் சோவியத் அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைப் பள்ளிகளில் ஏற்கலாமா கூடாதா என்பதுகூடப் பெரும் சண்டையாயிற்று. நாட்டை இழந்தவர்களுக்குப் பிள்ளையின் மொழியும் பறிபோவது இரண்டாவது இழப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த விவாதங்களில் பெரியவர்களின் நினைவுகளே பேசின. புரட்சியின்போது நான்கு வயதாக இருந்த குழந்தைக்கு நினைவில் இருந்த ரஷ்யா என்பது குளிரும் பசியும் ஓட்டமும்தான். தோட்டமும் நூலகமும் ஈஸ்டர் மணியோசையும் கொண்ட ரஷ்யாவை அது ஆசிரியரின் வாயிலாகவே கேட்டறிந்தது.

திரும்புதல் உண்மையாகவே நடந்த ஒரு நிகழ்வை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1918 கோடையில் பெட்ரோகிராடின் (முன்பு புனித பீட்டர்ஸ்பர்க்) பட்டினியிலிருந்து காப்பாற்ற யூரல் பகுதிக்கு அனுப்பப்பட்ட ஏறக்குறைய எண்ணூறு குழந்தைகள் உள்நாட்டுப் போரால் வீட்டிலிருந்து துண்டிக்கப்பட்டார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அவர்களைப் பராமரித்து விளாடிவஸ்டாக் கொண்டுசென்று, 1920 ஜூலையில் யோமெய் மாரு என்ற ஜப்பானியக் கப்பலில் ஏற்றியது. பசிபிக்கைக் கடந்து, பனாமாக் கால்வாய் வழியாக நியூயார்க் வந்து, அக்டோபரில் அவர்கள் பின்லாந்து சேர்ந்தார்கள். நியூயார்க்கில், பிரான்சுக்கு அழைத்துச் செல்லலாம் என்ற திட்டத்தைக் குழந்தைகளே எதிர்த்துப் பெட்ரோகிராடுக்குப் போக வேண்டும் என்றார்கள். அங்கே அவர்களுக்குப் பெற்றோர் இருந்தார்கள். தவித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மொராவ்ஸ்கா த்ரெபோவாவின் பிள்ளைகளில் பலருக்குத் திரும்பிப் போனால் கதவைத் திறக்க யாருமில்லை. திரும்புவது என்பது அவர்களுக்கு ஓர் அரசியல் கொள்கையாகவே இருந்தது.

கிழக்கே மஞ்சூரியாவின் ஹார்பினில் நிலைமை நேர்மாறாக இருந்தது. சீனக் கிழக்கு ரயில்வேக்காக ரஷ்யர்கள் முன்பே கட்டிய நகரம் அது. பள்ளிகள், தேவாலயங்கள், நாடக அரங்குகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஆனால் 1924இல் ரயில்வே சோவியத்-சீனக் கூட்டு நிர்வாகத்துக்குப் போனதும், வேலையில் நீடிக்க வேண்டுமானால் சோவியத் அல்லது சீனக் குடியுரிமை வேண்டும் என்றாயிற்று. குடும்பம் எடுத்த தாளைப் பொறுத்துக் குழந்தையின் விதி பிரிந்தது. 1935இல் சோவியத் அரசு ரயில்வேயை விற்றபோது சோவியத் தாள் வைத்திருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் ரஷ்யாவுக்குத் திரும்பினார்கள். 1937இல் ஹார்பினிலிருந்து வந்தவர்களைக் குறிவைத்துப் பிறப்பிக்கப்பட்ட ரகசியப் போலீஸ் ஆணையால் அவர்களில் பெரும்பகுதியினர் கைதாகினர், பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். திரும்புவதற்காக வளர்க்கப்பட்ட பிள்ளைகள் உண்மையாகவே திரும்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை. சீனாவிலேயே தங்கியவர்களின் குடும்பங்கள் 1949இல் மறுபடியும் அகதிகளாயின. ஷாங்காயிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிலிப்பைன்சின் துபாபாவோ தீவில் கூடாரங்களில் தங்கி, பின்னர் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றனர்.

ஐரோப்பாவில் 1930களின் பொருளாதார நெருக்கடி உதவித் தொகைகளைச் சுருக்கியது. 1934இல் செக்கோஸ்லோவாக்கியாவும் பல்கேரியாவும் சோவியத் அரசை அங்கீகரித்தன. அதற்குள் புதிய மாணவர்களில் பலர் ரஷ்யாவையே பார்த்திராதவர்களாக இருந்தார்கள். பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது உள்ளூர்ப் பள்ளிகளோடு இணைந்தன. 1945இல் செஞ்சேனை பிராகுக்குள் நுழைந்தபோது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்த ரஷ்யர்கள் பலர் கைது செய்யப்பட்டுச் சோவியத் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். குழந்தைகளின் கட்டுரைகள் வைக்கப்பட்டிருந்த ரஷ்ய ஆவணக் காப்பகமும் மாஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பல பத்தாண்டுகள் பூட்டப்பட்டுக் கிடந்தது.

சாதாரண உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் போனவர்களிடமிருந்து உலகம் அறிந்த பெயர்கள் சில வந்தன. 1917இல் மாஸ்கோவில் பிறந்து, நான்கு வயதில் வெளியேறி, ஜெர்மனி வழியாக 1929இல் பெல்ஜியம் சேர்ந்த இலியா பிரிகோஜின் 1977இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஒன்பதாம் வயது வாக்கில் பாரிஸ் வந்த ஆன்றி த்ருவாயா 1938இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றார். இவர்களை வைத்து ஒரு முறையை மற்றதைவிடச் சிறந்தது என்று தீர்ப்பளிப்பது நியாயமாகாது. இருவருக்கும் பெற்றோர் உடனிருந்தார்கள். விடுதிப் பள்ளிகள் ஏற்றுக்கொண்டது யாருமற்றவர்களை. அப்பள்ளிகளின் குறை, குழந்தைகளுக்குத் தங்கள் மொழியில் கற்பித்தது அன்று. அயல்மொழியையும் அயலாரையும் தற்காலிகமானவையாகக் கருதும்படி கற்பித்ததே குறை.

சட்டம் இதை மெதுவாகவே எட்டிப்பிடித்தது. அகதிகளின் நிலை குறித்த 1933ஆம் ஆண்டு ஒப்பந்தம், ரஷ்ய அகதிகளின் அனுபவத்தை முன்வைத்து உருவானது. அதன் கல்விப் பிரிவு, பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அகதிகளைப் பிற வெளிநாட்டவருக்கு இணையாக நடத்த வேண்டும் என்றும், கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் அவ்வாறே கிடைக்க வேண்டும் என்றும் கூறியது. சில நாடுகளே அதை ஏற்றன. தொடக்கக் கல்வியில் அகதிக் குழந்தையைச் சொந்தக் குடிமக்களின் குழந்தைக்கு இணையாக நடத்த வேண்டும் என்ற விதி, 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவில்தான் இடம்பெற்றது. அப்போது, மொராவ்ஸ்கா த்ரெபோவாவில் அன்று பத்து வயதில் எழுதியவர்களுக்கு வயது முப்பத்தெட்டு.